பங்கு பிரியாத எண்



கோலப் போட்டிக்குக் கடைசித் தேதி எது என்று கேட்கத்தான் சேலத்திலிருந்து ஒரு வாசகி போன் செய்தார். பதினைந்து வருஷமாக நம் பத்திரிகையை வாங்குகிறவர். தேதியைச் சொன்னேன். ஆனாலும் போனை வைக்கவில்லை. "மேடம், ஒரு விஷயம் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. உங்ககிட்ட சொல்லலாமா?" என்றார்.

அவருடைய மகன் ஏழாம் வகுப்பு. ராத்திரி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து, "அம்மா, பகா எண்ணுக்கு முடிவு இருக்கா? இருக்கறதுலயே பெரிசு எது?" என்று கேட்டிருக்கிறான். அடுப்பில் பால் பொங்கி வருகிறது. வாசலில் காஸ் சிலிண்டர்காரர் நிற்கிறார். "அதெல்லாம் பரீட்சைல வராது. வர்றதைப் படி" என்று சொல்லிவிட்டார் அம்மா. பையன் ஒன்றும் பேசாமல் நோட்டை மூடி வைத்துவிட்டான்.

"அவன் அதுக்கப்புறம் கேக்கவே இல்ல மேடம். எனக்கும் பதில் தெரியாது. அதான் கஷ்டமா இருக்கு" என்றார்.

நம்மில் யார் இதைச் சொல்லாதவர்கள்? நானும் சொல்லியிருக்கிறேன். 'நமக்கும் கணக்குக்கும் ரொம்ப தூரம்' என்று குழந்தைகள் காதுபடப் பேசுகிற வீடுகள்தானே நம் வீடுகள்? அதனால் இந்த மாதம் என் பக்கத்தை அந்தப் பையனின் கேள்விக்கே கொடுத்துவிடுகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அரிசியும் புளியங்கொட்டையும் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

ஒரு எண் சொல்கிறேன்: 2147483647. நம் செல்போன் எண் மாதிரியே பத்து இலக்கம். 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. இது ஒரு பகா எண்.

பகா எண் என்றால் என்ன? பள்ளியில் படித்ததுதான். தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறெதனாலும் மீதியில்லாமல் வகுபடாத, ஒன்றைவிடப் பெரிய எண். இலக்கணமாகச் சொன்னால் வறட்சியாக இருக்கிறது. சொல்லைப் பாருங்கள். பகு, பகிர், பகுதி எல்லாம் ஒரு குடும்பத்துச் சொற்கள். பகுக்க முடியாதது பகா எண். பங்கு போடச் சம்மதிக்காத எண்!

பன்னிரண்டு புளியங்கொட்டையைத் தரையில் பரப்புங்கள். மூன்று வரிசையில் நாலு நாலாக அடுக்கலாம். இரண்டு வரிசையில் ஆறு ஆறாக அடுக்கலாம். தட்டில் அதிரசம் அடுக்குகிற மாதிரி அழகாக உட்காரும். இன்னும் ஒரே ஒரு கொட்டையைச் சேருங்கள். பதிமூன்று. எப்படி அடுக்கினாலும் ஒன்றாவது துருத்திக்கொண்டு நிற்கும், அல்லது ஒன்றாவது குறையும். ஒரே நீள வரிசையாக வைத்தால்தான் உண்டு. பதிமூன்று ஒரு பகா எண். ஒரு கொட்டையில் குணமே மாறிவிட்டது பார்த்தீர்களா?

நான் சொன்ன 214 கோடிச் சொச்சமும் அப்படித்தான். அத்தனை கொட்டையைக் கொட்டிவைத்து எந்த வரிசையில் அடுக்கிப் பார்த்தாலும் செவ்வகமாக உட்காராது.

சரி, எத்தனையோ எண்கள் இருக்க இதை மட்டும் ஏன் எடுத்தேன்? இது வந்த வழி நமக்கெல்லாம் தெரிந்த வழி. சதுரங்கக் கட்டத்தில் அரிசி வைக்கிற கதையைப் பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். முதல் கட்டத்தில் ஒரு மணி, அடுத்ததில் இரண்டு, பிறகு நாலு, எட்டு, பதினாறு என்று இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். ராஜாவின் களஞ்சியமே காலியாகிவிடும்.

அந்தக் கட்டங்களில் 31 கட்டம் வரை மட்டும் வைத்துவிட்டு நிறுத்துங்கள். இதுவரை வைத்த அரிசி எல்லாவற்றையும் கூட்டுங்கள். மிகச் சரியாக 2147483647 மணி வரும். ஆயிரம் மணிக்கு 20 கிராம் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 43 டன் அரிசி. அத்தனை அரிசியையும் எந்த வீதியில் இருக்கிற எத்தனை வீட்டுக்கும் சரிசமமாகப் பங்கு போட முடியாது. ஒரு மணியாவது கூடும் அல்லது குறையும்.

32-வது கட்டத்தையும் சேர்த்துவிட்டால்? கூட்டுத்தொகை 4294967295. கடைசியில் 5 இருக்கிறது, ஐந்தால் வகுபடும். மூன்றாலும் வகுபடும். பிடிவாதம் போய்விட்டது!

இதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. கூட்டுத்தொகைகளை எழுதிப் பாருங்கள். இரண்டு கட்டம் வரை 3. மூன்று கட்டம் வரை 7. நாலு வரை 15. ஐந்து வரை 31. ஆறு வரை 63. ஏழு வரை 127. இதில் 3, 7, 31, 127 பகா எண்கள். 15-ம் 63-ம் இல்லை. கட்டத்தின் எண் பகா எண்ணாக இருந்தால்தான் கூட்டுத்தொகையும் பகா எண்ணாக இருக்க வாய்ப்பு. நாலும் ஆறும் பகுபடுகிற எண்கள், அதனால் அங்கே வாய்ப்பே இல்லை.

'அப்படியானால் கட்டத்தின் எண் பகா எண்ணாக இருந்தால் போதுமா?' என்று கேட்கத் தோன்றும். போதாது. 11 பகா எண்தான். ஆனால் பதினோரு கட்டம் வரை கூட்டினால் வருவது 2047. அது 23-ஐ 89-ஆல் பெருக்கினால் வருகிற எண். ஆக ஒவ்வொன்றையும் சோதித்துத்தான் பார்க்க வேண்டும். இந்த வகை எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். மெர்சென் பிரான்ஸ் நாட்டுத் துறவி. 1644-இல் எந்தெந்தக் கட்டத்தில் பகா எண் கிடைக்கும் என்று 257 வரை ஒரு பட்டியல் கொடுத்தார். அதில் இரண்டு தப்பு, மூன்று விடுபட்டுவிட்டன. 31 சரியாக இருந்தது. ஆனால் சரி என்று யாராவது நிரூபிக்க வேண்டுமே?

நிரூபித்தவர் ஆய்லர். சுவிட்சர்லாந்தில் பிறந்து ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் வாழ்ந்த கணித மேதை. 1772-இல் வெளியான ஒரு கடிதத்தில் இந்த எண் பகா எண்தான் என்று எழுதினார். அப்போது அவருக்கு வயது அறுபத்தைந்தை ஒட்டி. ஒரு கண் முப்பது வயதுகளிலேயே போய்விட்டது. இன்னொரு கண்ணிலும் புரை விழுந்து, பார்வை ஏறக்குறைய முழுவதுமாகப் போயிருந்த காலம் அது. மனதுக்குள் கணக்குப் போட்டுச் சொல்லச் சொல்ல, மகன்களும் சீடர்களும் எழுதினார்கள்.

என் பெரியம்மா ஞாபகம் வருகிறது. கடைசி காலத்தில் கண் சரியாகத் தெரியாது. ஆனால் மளிகைக் கணக்கை வாயாலேயே கூட்டிச் சொல்வார். பைசா பிசகாது. கணக்கு கண்ணில் இல்லை, உள்ளே எங்கேயோ இருக்கிறது என்று அவரைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

பத்து இலக்க எண் ஒன்று பகா எண்ணா என்று கையால் எப்படிச் சோதிப்பது? ஒன்று விடாமல் எல்லா எண்ணாலும் வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. வர்க்கமூலம் வரை பார்த்தால் போதும். இந்த எண்ணின் வர்க்கமூலம் 46,341-ஐ ஒட்டி வருகிறது. அதற்குள் ஏறக்குறைய 4,800 பகா எண்கள் இருக்கின்றன. அத்தனையாலும் வகுப்பதென்றால் மாதக்கணக்கில் உட்கார வேண்டும்.

இங்கேதான் கணிதம் கைகொடுக்கிறது. 31 கட்டக் கூட்டுத்தொகையை ஒரு பகா எண் வகுக்கிறது என்றால், அந்த எண் கண்டபடி இருக்க முடியாது. 62-இன் மடங்கோடு ஒன்று சேர்ந்த எண்ணாகத்தான் இருக்கும். அதாவது 31-ஐ இரட்டித்து, அதன் மடங்குகளோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். இன்னொரு நிபந்தனையும் உண்டு. அந்த எண்ணை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். இந்த இரண்டு சல்லடையிலும் சலித்தால் மிஞ்சுவது சுமார் 370 எண்கள். அவற்றிலும் பகா எண்கள் நூறுக்கும் குறைவு. சல்லடை சரியாக இருந்தால் சலிக்கிற வேலை எவ்வளவு குறைகிறது! ஒன்றும் மீதியில்லாமல் வகுக்கவில்லை. தீர்ந்தது விஷயம்.

2047-ஐ இதில் முதல் சல்லடையில் மட்டும் போட்டுப் பாருங்கள். அது 11-வது கட்டம். இரட்டித்தால் 22. மடங்கோடு ஒன்று சேர்த்தால் 23, 45. அதற்கு மேல் போனால் வர்க்கமூலத்தைத் தாண்டிவிடும். 45 பகா எண் இல்லை. மிஞ்சியது 23 ஒன்றுதான். ஒரே ஒரு வகுத்தல், விடை கிடைத்துவிட்டது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இது எட்டாத விஷயமா, சொல்லுங்கள்?

ஆய்லருக்குப் பிறகு முக்கால் நூற்றாண்டுக்கு மேல் உலகத்தில் தெரிந்த மிகப் பெரிய பகா எண்ணாக இதுவே இருந்தது. 1811-இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணிதர் ஒரு புத்தகம் எழுதினார். இந்தக் கட்டத்தைத் தாண்டி யாரும் தேடிப் போகப் போவதில்லை என்பது அவர் கருத்து. அவர் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள்: இதெல்லாம் வெறும் ஆர்வத்துக்கு உரியது, பிரயோஜனம் எதுவும் இல்லை, அதனால் யாரும் மெனக்கெட மாட்டார்கள்.

நம் வாசகி அடுப்படியில் நின்று சொன்னதும் இதுதானே? அவ்வளவு படித்தவரே இப்படி எழுதியிருக்கும்போது, பால் பொங்குகிற நேரத்தில் ஒரு அம்மா சொன்னதில் என்ன தப்பு இருக்கிறது? அதை நினைத்து அவர் வருத்தப்பட வேண்டாம். ஆனால் பார்லோ சொன்னது நடக்கவில்லை. 1876-இல் லூக்கா என்ற பிரெஞ்சுக்காரர் 127-வது கட்டத்தின் கூட்டுத்தொகையைப் பகா எண் என்று நிரூபித்தார். அது 39 இலக்கம். அதையும் கணினி இல்லாமல் கையாலேதான் செய்தார்.

பிரயோஜனம் என்று கேட்டோமே, அதற்கு வருகிறேன்.

கணினிக்குள் எண்களைச் சேமிப்பது சுவிட்சுகளில். ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு மதிப்பு: 1, 2, 4, 8, 16... சதுரங்கக் கட்டத்து அரிசியேதான்! நீண்ட காலமாக ஒரு முழு எண்ணுக்கு 32 சுவிட்ச் ஒதுக்குவது வழக்கமாக இருந்தது. ஒன்று கூட்டலா கழித்தலா என்று காட்டப் போய்விடும். மிச்சம் 31. எல்லா சுவிட்சையும் போட்டுவிட்டால் வருகிற மிகப் பெரிய எண் எது? 2147483647. ஆய்லரின் அதே எண். இங்கே அது பகா எண்ணாக இருப்பது தற்செயல்தான். ஆனாலும் அதே எண் இப்படி நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்குச் சிலிர்க்கிறது.

'கங்னம் ஸ்டைல்' பாட்டு ஞாபகம் இருக்கிறதா? கல்யாண வீடுகளில் எல்லாம் குழந்தைகள் குதிரை ஓட்டுகிற மாதிரி ஆடினார்களே, அந்தக் கொரியப் பாட்டு. யூடியூபில் அதைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை 2014 டிசம்பரில் இந்த எல்லையைத் தொட்டது. எண்ணும் கருவியையே யூடியூப் பெரிதாக்க வேண்டியிருந்தது.

இன்னொரு எல்லையும் வரப்போகிறது. பல கணினிகள் நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் விநாடி விநாடியாக எண்ணுகின்றன. 2147483647-வது விநாடி வருவது 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடி. பொங்கல் முடிந்து பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்புகிற நேரம். பழைய 32 சுவிட்ச் கணக்கில் இருக்கிற கருவிகள் அடுத்த விநாடியில் 1901-ஆம் ஆண்டு டிசம்பருக்குப் போய்விடும். இதற்காகப் பயப்பட வேண்டாம். இப்போதைய போன்களும் கணினிகளும் 64 சுவிட்ச் கணக்குக்கு மாறிவிட்டன. ஆனால் இருபது வருஷ வீட்டுக் கடனின் கடைசித் தவணை 2038-ஐத் தாண்டித்தானே வரும்? அந்தத் தேதியைக் கணக்கிடும் மென்பொருளில் பழைய முறை எங்காவது ஒளிந்திருந்தால் தப்பு இன்றைக்கே தெரியும். கடன் அட்டவணை கையில் கிடைத்தால் தேதிகளை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். எந்தக் கடனுக்குமே அது நல்ல பழக்கம்.

சரி, பகா எண்ணாக இருப்பதே பயன்படுகிற இடம் உண்டா? உண்டு. போனில் பிள்ளைகள் தாயம் விளையாடினால் கட்டையை உருட்டுவது யார்? ஒரு கணக்குதான். 7-ஐ வைத்துச் செய்து காட்டுகிறேன். 1-இல் தொடங்கி, 3-ஆல் பெருக்கி, 7-ஆல் வகுத்து மீதியை எழுதுங்கள். 1, 3, 2, 6, 4, 5, மறுபடி 1. ஒன்று முதல் ஆறு வரை எல்லாம் கலைந்து வந்துவிட்டன. ஒன்றும் விடுபடவில்லை, ஒன்றும் இரண்டு முறை வரவில்லை. ஏழுக்குப் பதில் ஆறை வைத்துச் செய்யுங்கள். 1, 3, 3, 3 என்று செக்குமாடு மாதிரி ஒரே இடத்தில் நின்றுவிடும். ஏழு பகா எண், ஆறு இல்லை. வித்தியாசம் அதுதான்.

ஏழுக்குப் பதில் 2147483647, மூன்றுக்குப் பதில் 16807. 214 கோடிக்கு மேற்பட்ட எண்களும் ஒவ்வொரு முறை வந்துபோன பிறகுதான் முதல் எண் திரும்பும். 1988-இல் பார்க், மில்லர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் எல்லாக் கணினிக்கும் குறைந்தபட்சத் தரமாக இதை வைத்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். சி ப்ளஸ் ப்ளஸ் என்ற கணினி மொழியில் இன்றும் இது இருக்கிறது. பிரயோஜனம் இல்லை என்று பார்லோ சொன்ன தேடலில் கிடைத்த அதே எண்!

ரகசியங்களைப் பூட்டுவதற்கு மட்டும் இது போதாது. அதற்கு இன்னும் பெரிய பகா எண்கள் வேண்டும். காலையில் எழுந்ததும் அண்ணிக்கும் சித்திக்கும் வாட்ஸ்அப்பில் வணக்கம் அனுப்புகிறோம். வழியில் யாரும் படிக்க முடியாதபடி அந்தச் செய்தியைப் பூட்டுகிற முறையில் ஒரு பகா எண் இருக்கிறது. 255 இரண்டுகளைப் பெருக்கி, 19-ஐக் கழித்தால் வருகிற 77 இலக்க எண். டேனியல் பெர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கர் 2006-இல் வெளியிட்ட முறை அது. அந்த எண் ரகசியமே இல்லை, உலகத்துக்கே தெரியும். ஆனால் அதை வைத்து ஒவ்வொரு போனும் தனக்கென்று செய்துகொள்கிற சாவிதான் ரகசியம்.

நம் நாட்டுப் பங்கையும் சொல்லிவிடுகிறேன். எந்த எண்ணைக் கொடுத்தாலும் அது பகா எண்ணா என்று ஊகம் எதுவும் இல்லாமல், நியாயமான நேரத்துக்குள் உறுதியாகச் சொல்லும் முறையை உலகமே தேடிக்கொண்டிருந்தது. 2002-இல் அதைக் கண்டுபிடித்தவர்கள் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா. கயாலும் சக்சேனாவும் அப்போதுதான் பட்டப்படிப்பு முடித்த மாணவர்கள்.

இப்போது பையனின் கேள்விக்கு நேரடியாகப் பதில். தம்பி, பகா எண்களுக்கு முடிவு இல்லை. இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்பே யூக்ளிட் இதை நிரூபித்துவிட்டார். உனக்குத் தெரிந்த பகா எண்களை எல்லாம் பெருக்கு, ஒன்றைக் கூட்டு. 2, 3, 5 மட்டும்தான் தெரியும் என்று வைத்துக்கொள். பெருக்கினால் 30, ஒன்று கூட்டினால் 31. இரண்டால் வகுத்தாலும் மூன்றால் வகுத்தாலும் ஐந்தால் வகுத்தாலும் ஒன்று மீதி நிற்கும். ஆகவே உன் பட்டியலில் இல்லாத பகா எண் ஒன்று கட்டாயம் இருக்கிறது. எத்தனை நீளமான பட்டியலுக்கும் இதே கதிதான்.

இதுவரை தெரிந்ததில் மிகப் பெரியது 2024 அக்டோபரில் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவும் அரிசிக் கட்டக் கணக்கில் வருவதுதான். ஆனால் 31 கட்டம் இல்லை, 13 கோடியே 62 லட்சத்து 79 ஆயிரத்து 841 கட்டம். அந்த எண்ணுக்கு 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள். நம் பத்திரிகையில் பக்கத்துக்கு 4,000 இலக்கமாக அச்சடித்தால் பத்தாயிரம் பக்கத்துக்கு மேல் போகும். கண்டுபிடித்தவர் லூக் டுரான்ட் என்ற அமெரிக்கர். 1996 முதல் உலகெங்கும் தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளைக் கொடுத்து நடத்துகிற தேடலில் சேர்ந்து கண்டார். அதைவிடப் பெரியது நாளைக்கே கிடைக்கலாம், நீ காலேஜ் போகும்போதும் கிடைக்கலாம்.

அம்மாக்களே, அப்பாக்களே, எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பிள்ளை இப்படி ஒரு கேள்வி கேட்டால், பதில் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள். "பால் இறக்கிட்டு வர்றேன், சேர்ந்து பாக்கலாம்" என்று சொல்லுங்கள். நோட்டு மூடாமல் இருந்தால் போதும்.

தொடங்குவதற்கு ஒரு கணக்கும் தருகிறேன். 13 கட்டம் வரை அரிசி வைத்துக் கூட்டினால் 8191 மணி. இது பகா எண்ணா இல்லையா? நான் சொன்ன முதல் சல்லடையில் மட்டும் போட்டால் இரண்டே இரண்டு வகுத்தலில் விடை தெரிந்துவிடும். எந்த இரண்டு எண்களால் வகுத்தீர்கள், மீதி என்ன வந்தது என்று ஒரு போஸ்ட் கார்டில் எழுதி அனுப்புங்கள். பிள்ளைகளின் கையெழுத்தில் இருக்க வேண்டும். சரியாக எழுதிய எல்லோருடைய பெயரையும் அடுத்த இதழில் வெளியிடுகிறேன். சேலத்திலிருந்து வரும் முதல் கார்டுக்காகக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்